கடிவாளத்தைக் கழற்றிய இடம்

சோறு குழைந்துவிட்டது, மோர் ஊற்றிச் சாப்பிடுங்கள். தங்கச்சி வளைகாப்புக்குக் கந்தர்வக்கோட்டை போகிறேன், பொழுது சாய வந்துவிடுவேன். நீங்கள் வயலிலிருந்து வருவதற்குள் பஸ் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தில் இல்லை.

கோபமும் கொஞ்சம் உண்டு. “அரியணை ஆசையிலதான் வேழமாறன் பூதப்படைக்குக் கோட்டைக் கதவத் தொறந்தான், உள்ள பத்துன தீயில அதோட அவனும் எரிஞ்சது விதி” என்று நேற்றும் சாதித்தீர்கள். இத்தனை வருஷமாக அந்தத் தொடர்கதையை நீங்கள் வாசிக்க, நான் அடுப்படியிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். இன்று உலை கொதிக்கும் நேரத்தில், பைண்டு பண்ணிய புத்தகத்தை நானே எடுத்துப் படித்தேன். கதவைத் திறக்குமுன் அவன் தன் சிறகுக் குதிரையின் கடிவாளத்தைக் கழற்றி, குதிரையை வானத்தில் பறக்க விட்டுவிடுகிறான். பிழைக்க நினைப்பவன் குதிரையை விடுவானா? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷன். சோறு குழைந்தது அப்போதுதான்.

இந்த இடத்தை நீங்கள் ஒருநாளும் வாய்விட்டு வாசித்ததில்லை. அது வரும்போதெல்லாம் தண்ணீர் கேட்பீர்கள். நான் செம்போடு வருவதற்குள் கோட்டைக் கதவு திறந்திருக்கும்.

சொர்ணவல்லி

மருதாயி மதினி புத்தகம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இன்றைக்கு நீங்கள் வாசிக்க உட்காருமுன்பே செம்பை உங்கள் பக்கத்தில் வைத்துவிடுவேன்.