கிழக்குப் பார்த்து நிற்கவும்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பத்து ட்ரோன் பெட்டியில் போக வேண்டும், எட்டுதான் தயார். இறக்கை ஒட்டி ஒட்டி, பட்டறையில் என்னோடு வேலை செய்யும் செல்விக்குக் கையெல்லாம் பசை. டீ டம்ளரை நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

வாங்க: இஞ்சி, சட்டைப் பித்தான், அம்மா மாத்திரை.

மதியம் ராஜஸ்தானிலிருந்து போன். அங்கே ராணுவச் சோதனை. காலாட்படைக்காரர்கள் முதுகுப்பையில் எடுத்துப்போய், கையால் வீசி, மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கான சின்ன ட்ரோன் இது. வீசின இரண்டும் தலைகுப்புற விழுந்ததாம். முதலாளி ரவி சார் முகம் செத்துப்போனது.

மார்ச் 5, புதன்

ர.சார் பதில் கடிதம் எழுதுகிறார். "வீசுனவன் கை சரியில்ல, அவ்ளோதான். நம்ம எத்தினி வாட்டி வீசியிருக்கோம், ஒண்ணு வுழுந்துச்சா?"

உண்மைதான். காலையெல்லாம் பட்டறை வேலை, நாலு மணிக்கு அரியாங்குப்பம் தாண்டிக் கடற்கரை மணலில் வீசுவோம். ஒன்றுகூட விழுந்ததில்லை.

ராஜஸ்தானில் சோதனைக்குப் பொறுப்பாக இருக்கும் ஹவில்தாரிடம் போனில் பேசினேன். திண்டிவனத்துக்காரர். அந்தக் கடிதம் வந்தால் வீசின சிப்பாய் பேரில் குறிப்பு ஏறிவிடுமாம். "நல்ல ஆளு மேடம். கிரிக்கெட்ல பந்து போடறவன். கையில தப்பு இல்ல."

தலைவலி. இஞ்சி மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஏழு மணிக்கு மாடியில் துணி காயப்போட்டேன். அம்மா புடவை கடல் பக்கமாகப் பறந்தது. கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். காலையில் இங்கேயே காற்று மேற்கிலிருந்து வருகிறது. சாயங்காலம்தான் கடலிலிருந்து. பிறந்ததிலிருந்து முதலியார்பேட்டை, தினமும் துணி காயப்போடுகிறேன். மரமண்டை.

ட்ரோனோடு போகும் அட்டை, மூன்றாவது வரி: "கிழக்குப் பார்த்து நின்று வீசவும்." எழுதியது நான். காற்றுக்கு எதிரே வீசினால்தான் மேலே தூக்கும். எங்களுக்குக் கிழக்கு என்றால் கடல், கடல் என்றால் காற்று. காற்று என்ற வார்த்தையை எழுதவே தோன்றவில்லை. இந்தியில் போட்டவரும் அப்படியே போட்டுவிட்டார். ராஜஸ்தானில் கடலுக்கு எங்கே போவார்கள்?

ஹவில்தாருக்குப் போன். "காலையில ஏழரைக்கு வீசனோம். நீங்க போட்டிருந்த மாரிதான் நின்னோம், சூரியனப் பாத்து. காத்து முதுவுல அடிச்சிச்சு."

"திரும்பி நிக்கலாமில்ல?"

"அட்டையில இல்லாதத செஞ்சா கேப்பாங்க மேடம்."

ர.சாரிடம் சொன்னேன். "இப்பப் போயி நம்ம தப்புன்னா ஆர்டர் போச்சு. கம்முனு இரு." கடிதம் நாளை பதினொரு மணிக்குப் போகிறது. எனக்கும் பயம்தான். வீட்டில் என் ஒரு சம்பளம்.

மார்ச் 7, வெள்ளி

பத்தரைக்கு ராணுவத்துக்கு நானே மெயில் அனுப்பினேன். "தவறு அட்டையில். எழுதியது நான். வீசியவர் மேல் குற்றமில்லை." கூடவே புது வரி: "ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல விடவும். மண் பறக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று வீசவும்."

பிறகு ர.சாரிடம் போய்ச் சொன்னேன். கத்தவில்லை. "நாளையிலேர்ந்து வராத."

செல்வி அழுதாள். நான் பஸ்ஸில் அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

வீடு. பருப்பு அடிப்பிடித்தது. அம்மாவிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன், நம்பவில்லை.

ஹவில்தார் போன். "காலையில அவனையே வீச சொன்னாங்க. மண்ண எடுத்து வுட்டான், சூரியனுக்கு முதுவக் காட்டி நின்னான். மேட்டத் தாண்டிப் போயிடுச்சு மேடம். அந்தாண்ட மேயற ஆட்டக்கூட எண்ணனோம். அவன் பேர்ல ஒண்ணும் ஏறல." பின்னால் யாரோ இந்தியில் ஏதோ சொன்னார்கள். "அவன்தான். உங்களுக்கு வணக்கம் சொல்றான்."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்றரைக்குச் செல்வி போன். "புது அட்ட அடிக்கணுமாம். உன்ன வர சொல்றாரு."

"அவரு வாயால கூப்புடட்டும்."

நாலு மணி. மாடியில் துணி எடுக்கிறேன். புடவை முகத்தில் வந்து அடிக்கிறது. போன் அடிக்கிறது, ர.சார். முதலில் புடவையை மடிக்கிறேன்.