நாடிக்கட்டு

1962 மாசி 9
காலையில் பல் விளக்கினேன், துப்பியதெல்லாம் இரத்தம். முன்பல் நாலும் நாக்குப் பட்டாலே அசைகின்றன. வாய் நாறுகிறதென்று இரஞ்சிதம் ஒருநாளும் சொன்னதில்லை. பாயை மட்டும் மற்றச் சுவரோரம் போட்டுக்கொண்டாள். சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

மாசி 20
யாழ்ப்பாணம் போனேன். பல்லைப் பிடித்திருக்கிற முரசுக்குள் சீழ் ஆழமாய் இறங்கிவிட்டதாம். வெட்டித் துப்புரவாக்கினால் பல் தப்பும் என்றார் டொக்டர். முப்பத்தெட்டு வயதில் பொக்கை வாயா? வெட்டுங்கோ என்றேன்.

மாசி 27
மேல்முரசு வெட்டியாயிற்று. ஊசி போட்டதால் நோ தெரியவில்லை. எலும்பைச் சுரண்டும் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. கராம்பு மணக்கிற பசையை அப்பி, அது அசையாமலிருக்க நாடியிலிருந்து உச்சிவரை வெள்ளைத் துணியால் கட்டிவிட்டார். நாலு நாள் அவிழ்க்கக்கூடாது, கதைக்கக்கூடாது.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. பிணத்துக்குத்தானே இப்படிக் கட்டுவோம். இரஞ்சிதத்தின் ஐயா, என் மாமாவுக்கும் போன ஆவணியில் இந்த வீட்டில்தான் கட்டியது. வாசற்படலையில் என்னைக் கண்ட இரஞ்சிதம் திரும்பி உள்ளே போனாள்.

மாசி 28
விடிய எழும்பினால் கட்டு இல்லை. துணி நாலாய் மடித்துத் தலைமாட்டில். பசை கழன்று பாயெல்லாம் இரத்தம். நீரா அவிழ்த்தீர் என்று கடுதாசியில் எழுதிக் கேட்டேன். "நானில்லை" என்றாள். பொய் சொல்கிற முகமில்லை. கதவோ உள்ளால் பூட்டியபடி. இருப்பது நாங்கள் இரண்டு பேர். பிறகு ஆர்?

டொக்டரிடம் ஓடினேன். திரும்பக் கட்டினார். இன்னொருமுறை கழன்றால் எல்லாப் பல்லையும் பிடுங்கத்தான் வேண்டுமாம்.

பங்குனி 1
நித்திரை கொள்ளவில்லை. பயம்.

பங்குனி 2
மத்தியானம். இரஞ்சிதமும் அயர்ந்து போனாள். நான் சும்மா கண்ணை மூடிக் கிடந்தேன். காலடி கேட்டது. உச்சி முடிச்சில் விரல்கள். பிறகு என் வாய்க்குக் கிட்ட ஒரு முகம் — மூச்சிருக்கிறதா என்று பார்க்கிறது. கையை எட்டிப் பிடித்தேன்.

இரஞ்சிதம். கண் திறந்திருக்கிறது, ஆனால் நித்திரை. உலுப்பி எழுப்பினேன். நெடுநேரம் அழுதாள்.

"ஐயாவுக்கு நான்தானே கட்டினனான். நீங்கள் வயலிலை. விறைக்க முந்திக் கட்டு எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். கட்டுற நேரம் ஐயாவின்ரை வாய் சூடாயிருந்தது, இஞ்சாருங்கோ. சூடாயிருந்தது."

முடிச்சு இன்னும் அவிழவில்லை. அவளின் கையைப் பிடித்தபடியே இருந்தேன்.

பங்குனி 23
மேற்பல் நாலும் தப்பிவிட்டன. இன்று கீழ்முரசு. கட்டு வேண்டாமென்று மன்றாடினேன். கீழ்ப் பசை தானாய் விழாது, இறுகும்வரை ஆராவது பிடித்துக்கொண்டால் சரி என்றார் டொக்டர். இரஞ்சிதம் கூட வந்திருந்தாள்.

வீடு திரும்பும் பஸ் பரந்தன் தாண்டும்வரை உள்ளங்கையால் என் நாடியைத் தாங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு விரல் மட்டும் மூக்கடியில் இருந்தது. அவளுக்குப் படட்டும் என்று நன்றாக மூச்சு விட்டேன்.