கயிறு இழுக்கிறவன் மகன்

கோட்டோர், செவ்வாய்க்கிழமை

ஆமாம் த்ரிப்போ, என்னைத் துரத்தித்தான் விட்டார்கள். நானாக விலகினேன் என்று உன்னிடம் சொன்னது பொய். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகம் சனிக்கிழமை காலைக்கு மேல்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறாய், பெற்றவனுக்கு எழுதுகிற கடிதமாடா இது? என்னைத் துரத்தினபோது எனக்குப் பதினேழு வயசு. கடற்படைப் பள்ளியில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை, "உங்கம்மா மீன் விக்கிறவதானே?" என்றான். "ஆமா, நல்ல மீனு, உங்க வீட்டுக்கும் வேணுமா?" என்றேன். அவ்வளவுதான். அவனைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டுச் சுடாமல் விட்டது மானக்கேடாம். பள்ளி அதிகாரிகள் ஏழு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து, இவன் அதிகாரியாக லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நீ என்னடாவென்றால் போலா கடற்படைத் துறைமுகத்தில் அதிகாரிகள் பந்தியில் உட்கார்ந்து, அப்பா பெரிய கப்பல் கேப்டன் என்று கதை அளந்திருக்கிறாய். அந்த லெப்டினன்ட் ஒட்டோகர், "கேப்டனா? துறைமுகத்துல கயிறு இழுக்கிறவன்ப்பா" என்றானாம், நீ அறைந்தாயாம். அவன் சொன்னது நிஜம்டா, வருகிற கப்பலைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துக் கட்டுகிறதுதானே என் வேலை. அளந்தது நீ. அதற்காக ரெண்டு பேரும் சனிக்கிழமை காலை துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கப் போகிறீர்களா? போய் மன்னிப்புக் கேள். கேட்டால் கோழை என்று சொல்லி வாளையும் அதிகாரிச் சட்டையையும் பிடுங்கிக்கொள்வார்கள், தெரியும். எட்டு வருஷ உழைப்பு, என்னைப் போல இல்லை, உனக்கு அந்த வேலை நன்றாக வரும், அதுவும் தெரியும். என்னைத் துரத்தின பிறகு முதல் மூன்று வருஷம் கடற்படைக் கப்பல் வந்தாலே நான் முதுகைத் திருப்பிக்கொள்வேன். நாலாவது வருஷம் நீ பிறந்தாய். உன்னைத் தோளில் தூக்கிப்போய் அதே கப்பல்களைக் காட்டினேன். அன்றைக்குப் பதினேழு வயசில் செத்திருந்தால் யார் காட்டியிருப்பார்கள்?

உன் அம்மா காய்ந்த அத்திப்பழம் கட்டி வைத்திருக்கிறாள், அனுப்ப மாட்டாளாம், வந்து தின்னச் சொல்கிறாள். "செத்துப்போன அதிகாரிய வச்சு நான் என்ன பண்றது, உசிரோட வந்து கயிறு இழுக்கச் சொல்லு" என்று அழுகிறாள். நூறு வயசு இருடா. சனிக்கிழமை அந்தப் பக்கமே போகாதே, மறந்துவிடாதே.

கரையோரம் ஒரு போர்க்கப்பல் திரும்ப முடியாமல் நிற்கிறது. வெள்ளைக் கையுறை போட்ட லெப்டினன்ட் ஒருத்தன் மேலேயிருந்து, "ஐயா, சீக்கிரம் கயித்தப் போடுங்கய்யா!" என்று கெஞ்சுகிறான். நான் போகணும்.

உன் அப்பா,
கயிறு இழுக்கிற கிர்ஸ்தோ