சுழல்விசிறிக்குக் கட்டிய சாக்கு

மே 11, ஞாயிறு

ஆஸ்திரேலியாவில் மே மாதமே தொடங்கிவிடும் பல்லாரட் நகரத்தின் குளிரை இன்று ஒற்றை ஆளாக நின்று தோற்கடித்தேன். பீரங்கி முழக்கம்தான் குறை.

தங்கை மகள் டீகன் வாங்கிய வீட்டின் தகரக் கூரையில், ஊரில் கூரை வேலை செய்யும் கோரான் மார்ச் மாதம் ஒரு சுழல்விசிறி வைத்துக் கொடுத்தான். காற்றடித்தால் தானே சுற்றி, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள பரணில் தேங்கும் காற்றை வெளியேற்றும். கோடைக்குச் சரி. குளிர்காலத்தில்? ஹீட்டர் சூட்டையெல்லாம் வானத்துக்குத் தானம் செய்வதா? எங்கள் அப்பா மே மாதம் வந்தாலே அதன் தலையில் சாக்கைக் கட்டிவிடுவார். நானும் கட்டினேன். அதோடு நின்றால் நான் மெர்வினா? பரணுக்குள் முதலைபோல் ஊர்ந்து, கூரை விளிம்பின் அடியிலிருந்த பதினோரு காற்றுத் துளைகளிலும் பழைய தலையணைப் பஞ்சை அடைத்தேன்.

டீகன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். சாவி என்னிடம் உண்டு. கரன்ட் பில் குறைந்து அவள் வாய்பிளக்கும் நாளில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 19, வியாழன்

டீகன் போன் செய்தாள். "மாமா, படுக்கையறை சீலிங் பூரா கறுப்பா பூஞ்சை. காலைல தலையில சொட்டுது. ஆனா மழையே இல்லையே!"

போய்ப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. குளியலறை விசிறி ஈரக்காற்றைப் பரணுக்குள்தான் தள்ளுகிறது, இந்த ஊரில் பாதி வீடுகளைப்போல. அது வெளியே போக வழியில்லாமல், குளிர்ந்த தகரத்தில் பட்டு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. வழியை அடைத்த மகாமேதை யார்?

"கோரான் வெட்டின ஓட்டை வழியாத்தானே இறங்குது மாமா?"

"இருக்கலாம்" என்றேன்.

இருக்கலாமாம்!

ஜூன் 20, வெள்ளி

சாக்கை அவிழ்க்கப் போனேன். டீகன் வீட்டில் இருந்தாள். டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

அவள் வேலைக்குப் போனதும் திருடன்போல் ஏறினேன். சாக்கு கூரையின் பின்பக்கச் சரிவில் இருந்ததால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. அவிழ்த்தேன். பஞ்சையும் பிடுங்கினேன். எல்லாம் நனைந்து, செத்த ஆட்டின் கனம்.

ஜூன் 26, வியாழன்

கோரான் வந்து மூன்று மணி நேரம் தேடினான். எதுவும் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? "தப்பு என்னோடதாத்தான் இருக்கணும்மா. காசு வேணாம், கழட்டி மறுபடி போட்டுத் தர்றேன்" என்றான். டீகன் வேண்டாம் என்றுவிட்டாள். அவன் பெயரைப் போட்டு ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியும் விட்டாள்.

ஜூலை 5, சனி

கால்பந்து மைதானம். எவனோ கத்தினான்: "ஏய் கோரான்! மழையே இல்லாம ஒழுகுற கூரை போடுவியாமே! எங்க வறண்ட குட்டைக்கு மேல ஒண்ணு போடுய்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும் — நானும் சிரித்தேன்.

கிளப் கட்டடத்துக்குக் கூரை போடும் வேலை அவனுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. இப்போது வேறு ஆள் பார்க்கிறார்களாம். என் பக்கம் வந்து தணிந்த குரலில் கேட்டான்: "மெர்வின், நீங்க அந்த வீட்டுக்கு அடிக்கடி போறவரு. முப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஆனதில்ல. என் கண்ணுக்கு எதாவது தப்பிப் போச்சா?"

"தெரியலையேப்பா."

அட நாயே. யாரைச் சொல்கிறேன்? என்னைத்தான்.

ஜூலை 8, செவ்வாய்

பூஞ்சையைத் துடைக்க டீகனுக்குக் கூடமாட இருந்தேன். இருமிக்கொண்டே சொன்னாள், "நல்லவேளை மாமா, நம்புறதுக்கு நீங்களாவது இருக்கீங்க."

அதற்குமேல் முடியவில்லை. சாக்கு, பஞ்சு, திங்கட்கிழமைத் திருட்டு — எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏழு கடல் தாண்டிய கதையை ஏழு மணி நேரம் சொல்லக்கூடியவன் நான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"பத்தொன்பது."

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "சாவிய மேசைல வச்சிட்டுப் போங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

கோரான் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? ஊர்கிட்ட சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினான்.

சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு அதே பக்கத்தில் எழுதினேன். டீகன் தன் பதிவை நீக்கி அவனிடம் மன்னிப்பு கேட்டிருக்கிறாள். என் பதிவுக்குக் கீழே இருநூறு பதில்கள். ஒருத்தி: "இந்த ஆளுக்கு முதல்ல தலைக்குள்ள காத்தோட்டம் வைங்கப்பா."

ஜூலை 20, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் டீகனிடமிருந்து ஒரு வரி வந்தது: "குளியலறை விசிறிக்குக் குழாய் வச்சு வெளிய எடுத்துவிட கோரான் வர்றாரு. ஏணி பிடிக்க ஆள் வேணுமாம்."

போனேன். கோரான் தலையசைத்தான், அவ்வளவுதான். அவன் மேலே வேலையாக இருக்கும்போது அவன் போன் அடித்தது. யாரோ கூரை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

"ம்ம்... செவ்வாய்க்கிழம வந்து பாக்குறேன்... ஆமா, அந்த வீடுதான்... யாரு, அந்த மாமாவா? ஆமா, அவரேதான். கீழ நிக்கிறாரு, ஏணியப் பிடிச்சிக்கிட்டு."

கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.