மிஸ்ஸின் பேய்க்கதையில் நான்

மேனகா அப்பாவுக்கு, லெட்சுமி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, இல்லை அதுவும் உங்களைப் போலப் பிடிவாதமா?

நான் சமைக்கும் வெள்ளவத்தை வீட்டு ரஜனி மிஸ் பேய்க்கதை எழுதுகிறவர் அல்லவா? எழுதியதை முதலில் எனக்குத்தான் வாசித்துக் காட்டுவார். நான் சிரித்தால் கிழித்துவிடுவார்.

"உமக்குப் பயமே வராதோ?" என்பார்.

"உங்க பேய் எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தா தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பிருவோம் மிஸ்" என்பேன்.

போன வாரம் வாசித்ததில் பேயே இல்லை. ஒரு பெண் பகல் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைக்கிறாள். எதிரே யாருமில்லை. "இன்னுங் கொஞ்சம் போடவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அது நான்தான். உங்களிடம்தான் கேட்டேன். மிஸ் பார்த்திருக்கிறார்.

"வேண்டாமெண்டால் எடுத்துவிடுறன், லெட்சுமி" என்றார். ஆனால் அந்தக் கதைக்காகத்தான் பதிப்பகத்தில் அவர் புத்தகத்தையே போடுகிறார்களாம். ஆறு வருடமாகக் காத்திருந்தவர். "இருக்கட்டும் மிஸ்" என்றேன்.

நம்ம மகள் மேனகாவிடம் சொல்லி, பகலில் சாப்பிடும்போது எனக்குப் போன் எடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். நீங்கள் சோறு மெல்லுகிற சத்தம் கேட்டால் போதும்.

அடுப்பில் பருப்பு பொங்குகிறது, ஓடுகிறேன்.

லெட்சுமி