சராசரி நூற்று முப்பது

மரியே வாழ்க

இராயபுரம்
வியாழக்கிழமை

அன்பு மகன் சாவியோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாதா புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே நலமா என்று வழக்கம்போல் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் அதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அந்தப் பதிலை நம்பித்தான் இரண்டு வருடமாக ஏமாந்திருக்கிறேன். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே சிக்னல் இல்லம்மா என்று கட் பண்ணிவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி, லீவில் ஊருக்கு வந்திருக்கும் உன் ரூம்மேட், உன்னோடே போர்ட்டில் வேலை பார்க்கிற அத்னான் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதைக் கட் பண்ண முடியாது, கடைசி வரைக்கும் படி.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷைனிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, மணலி புதுநகர் வீட்டில் ஃபாக்டரி கேஸ் நாற்றம் அடித்தால் குமட்டுகிறது என்று இங்கேயே வந்துவிட்டாள், பேபிக்கு அண்ணன் என்ன வாங்கி அனுப்பப் போகிறான் என்று இப்போதே கேட்கிறாள். அப்பா ஹார்பரிலிருந்து ரிட்டையர் ஆகியும் காலையில் கேட் பக்கம் போய்ப் பழைய ஆட்களோடு டீ குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. எனக்கு ஹெல்த் சென்டரில் அதே நர்ஸ் வேலைதான், போன வாரம் மட்டும் மாதவரத்தில் ஏதோ பயிற்சி என்று அனுப்பினார்கள். என்ன பயிற்சி தெரியுமா, புள்ளியியல். நர்சுகள், அங்கன்வாடி டீச்சர்கள், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரையும் ஒரே ஹாலில் அடைத்து, ஓடாத ஏசிக்குக் கீழே உட்கார வைத்து, இந்த வயதில் கணக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தடுப்பூசி போடுகிற நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள், நான் அங்கே உட்கார்ந்து பட்டை வரைபடத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயிற்சியை நடத்தியது உமைமா என்கிற பெண், தொண்டியார்பேட்டைக்காரி, நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது நாள் போர்டில் இரண்டு நோயாளிகளை எழுதினாள். இரண்டு பேருக்கும் சர்க்கரை சராசரி நூற்று முப்பது, யாரைப் பற்றி நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று கேட்டாள். ஹால் முழுக்க ரெண்டு பேரும் நார்மல் என்று சொன்னோம். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னேன், ஏனென்றால் எங்கள் மாத அறிக்கையில் சராசரிக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது, நூற்று முப்பது என்று வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம். அவள் அதற்குக் கீழே ஒவ்வொரு அளவையும் எழுதினாள். முதல் ஆளுக்கு நூற்று இருபது, நூற்று இருபத்தைந்து, நூற்று முப்பத்தைந்து, நூற்று நாற்பது. இரண்டாவது ஆளுக்கு ஐம்பது, அறுபது, இருநூறு, இருநூற்றுப் பத்து. கூட்டி வகுத்தால் இதுவும் நூற்று முப்பதுதான். இந்த இரண்டாவது ஆள் நடு ரோட்டில் மயங்கி விழுவார், உங்கள் ரிப்போர்ட்டில் நார்மலாக இருப்பார், அதனால் சராசரி சொன்னால் கூடவே எது குறைச்சல் எது அதிகம் என்ற வீச்சையும் சொல்ல வேண்டும் என்றாள். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அம்மா இந்த வாரம் சுகர் சராசரி நூத்தி முப்பது, குட் நைட் என்று ஞாயிறு தவறாமல் உன்னிடமிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதுதான் கண் முன்னால் நின்றது.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வராமல் நேராக வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அத்னானுடைய அம்மா வைத்த டீயைக்கூடத் தொடாமல் அவனைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான், பிறகு, அவன் என்னிய பேஜார் பண்ணுவாம்மா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கிரேன்ல மேல குந்திகினே தல சாஞ்சிட்டான், வாக்கிடாக்கில கூப்ட்டுகினே கீறோம், பதிலே இல்ல, கன்டெய்னர் அந்தரத்துல தொங்குது, நான் ஏறிப் போய் வாயில சக்கரைய கொட்டினேன் என்று சொன்னான். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஏறினாயாமே? சர்க்கரை இருப்பது தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று கம்பெனியிடமே மறைத்தாயாமே? அடப்பாவி, நான் கேட்டது உன் சர்க்கரை, நீ எனக்கு அனுப்பியது கணக்கு. பொய் சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் மாட்டியிருப்பாய், நீ உண்மையையே கலக்கிக் கொடுத்திருக்கிறாய். அதை நம்பி நானும் கோயில் வாசலில் நின்று, என் பையன் சர்க்கரையைக் கன்ட்ரோலில் வைத்திருக்கிறான் என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பெட்டிக்குக் கீழே நின்றவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே, ஒரு நிமிஷம் அவர்களை நினைத்தாயா?

அப்பாவிடம் சொன்னேன். வளந்த புள்ளைய இன்னாத்துக்கு நோண்டிகினே கீற, வுடு என்று எப்போதும் உனக்காகப் பேசுகிறவர், அன்றைக்கு, மேல குந்திகினு இருக்கும்போதா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். முப்பது வருடம் கிரேனுக்குக் கீழே நின்று வேலை செய்தவர் அவர். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இப்போது சொல்கிறேன் கேள். திடீரென்று உன்னை ஏன் கிரேனிலிருந்து இறக்கினார்கள், யார் போட்டுக்கொடுத்தது என்று நீ இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருப்பாய். அத்னானைச் சந்தேகப்படாதே, அவன் நம்பர் கொடுத்ததோடு சரி. உன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டது நான்தான். அவர் மலையாளி, நான் சொன்ன தமிழ் அவருக்கு நன்றாகவே புரிந்தது. டாக்டர் பார்த்துச் சொல்கிறவரைக்கும் கீழே யார்டு வேலை கொடுக்கிறேன், சேச்சி அழாதீங்க என்றார். நான் அழவில்லை, எனக்குக் கோபம், அதை அவரிடமும் சொன்னேன். கிரேன் வேலை போனாலும் போகட்டும். நீ என்னோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தாலும் சரி. கோபப்படு, தரையில் நின்றுகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

மாதா உன்னைத் தன் கைக்குள்ளேயே வைத்திருக்கட்டும். ஊசி போட்டால் சாப்பிடு, பாக்கெட்டில் குளுக்கோஸ் இல்லாமல் வெளியே போகாதே. இனிமேல் சராசரி என்று ஒரு மெசேஜ் வரக்கூடாது, ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக அனுப்பு, இருப்பதிலேயே குறைச்சலானதை முதலில் எழுது.

உன்மேல் கோபம் ஆறாத அம்மா,
ஞானம்