நீங்கள் சொன்ன மூன்று

அத்தை,

இன்று காலை லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் உங்கள் பவுடர் வாசம். அரிசி வாங்கப் போனவள் வெறும் கையோடு திரும்பிவிட்டேன்.

அன்றும் அந்தப் பவுடர்தான். சமையலறையில் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வயிற்று வலியில் நிமிர முடியாமல் நின்றீர்கள். ஆம்புலன்ஸ் வந்தால் நம் அடுக்குமாடி புளோக் முழுக்க வேடிக்கை பார்க்கும் என்று மறுத்துவிட்டீர்கள். அந்த நிலையிலும் குளித்து, புடவை மாற்றி, பவுடர் பூசிக்கொண்டுதான் டாக்சியில் ஏறினீர்கள். ஆஸ்பத்திரிக்கு அலங்கோலமாகப் போகக் கூடாதாம். பிடிவாதத்தில் உங்களை யார் ஜெயிக்க முடியும்?

அவசரப் பிரிவில் இருந்த தாதிக்கு, உங்கள் வாயில் மிஸ்ஸிக்கு, தமிழ் தெரியாது. நான்தான் இடையில். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார். அதை வைத்துத்தான் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். நீங்கள் சிரித்தபடி, "மூணு போட்டுக்கச் சொல்லும்மா. பாவம், மிஸ்ஸி எத்தனை பேரைப் பார்ப்பாங்க" என்றீர்கள்.

நான் "த்ரீ" என்றேன்.

தாதிக்கு என்ன தோன்றியதோ, நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று என்னைப் பார்த்துத் தனியாகக் கேட்டார். தொட்டியைப் பிடித்திருந்த உங்கள் கை என் கண்முன் நின்றது. ஆனால், கல்யாணமான புதிதில் விருந்தாளிகள் முன் உங்களைத் திருத்திவிட்டேன் என்று, "வெளியாளுங்க முன்னாடி என் பேச்சை மறுக்காதே" என்றீர்களே. அத்தனை வருஷம் அதைக் காப்பாற்றியவள் அன்றும் காப்பாற்றினேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

முறை வருவதற்குள் என் தோளில் சாய்ந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன், பாவி.

முன்பே பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பது கடினம்தான் என்று டாக்டர் உங்கள் மகனிடம் சொன்னார். அவர் நம்பிவிட்டார். தாதி என்னிடம் கேட்டதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் கீழ்வீட்டு அக்காவை அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். வலி எத்தனை என்று கேட்டதற்கு, "நாலுதான்லா" என்றார். நான் குறுக்கே புகுந்து, காலையிலிருந்து இவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை, ஒன்பது என்று எழுதுங்கள் என்றேன். அக்கா முறைத்தார். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

நேற்று வீட்டுக்கு வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களுக்காகப் பேச வேண்டியதை அவருக்காகப் பேசியிருக்கிறேன், அத்தை.